பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? குறைதீர்க்கும் நாள் என்று ஊர் ஊராகச் சனங்கள் வந்து இறங்குவார்கள், வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் மாமியார் சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வதும் அதுதான். "எம் மருமவ மனு எழுதிக் குடுக்கா. கலெக்டருக்கு இல்ல, கம்பெனிக்காரனுக்கு." முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் என் தொழிலை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கேட்டுப் புரொபோசல் எழுதித் தருகிறேன். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், சமாதானபுரத்தில் வீட்டுக்காரருக்கு மொபைல் கடை. அந்தக் கடை இல்லையென்றால் முதல் வருஷமே இதை மூடியிருப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. வள்ளியூர் பக்கம் ஒரு டிரஸ்டில் 9 வருஷம் டாக்குமெண்டேஷன் வேலை பார்த்தேன். எங்கள் டிரஸ்டுக்கு வெளிநாட்டுப் பணம் நேராக வராது, பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி அதில் ஒரு பங்கை எங்களுக்குத் தரும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டு நிதி வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆனது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆகக் குறைந்தது, பணம் வரும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றும் வந்தது. மற்றதெல்லாம் எங்களைத் தொடவில்லை, அந்தக் கைமாற்றுத் தடை மட்டும் ஒரே அடியில் எங்களை முடித்துவிட்டது. டிசம்பர் சம்பளம் பாதி வந்தது, ஜனவரி சம்பளம் வரவேயில்லை. 2021 பொங்கல் கழிந்து வீட்டில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் முதல் ஆள் வந்தார். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சின்ன டிரஸ்ட், செயலாளர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஊரே அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். "ஏ பிள்ள, நீ எழுதித் தா, வந்தா பத்துல ஒண்ணு உனக்கு" என்றார். 18 லட்ச ரூபாய் புரொபோசல். பத்தில் ஒன்று என்றால் 1,80,000. மனக்கணக்கிலேயே நான் பழைய ஃபிரிட்ஜை மாற்றிவிட்டேன்.

மூன்று வாரம் எழுதினேன். ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவுக்குப் போனது, லாபத்தில் ஒரு பங்கைச் சமூக வேலைக்குச் செலவழிக்கிற பிரிவு. அவர்களுக்குப் பிடித்தும் போனது, போனில் பேசினார்கள், பேச்சின் கடைசியில் சிஎஸ்ஆர்-1 நம்பரை அனுப்புங்கள் என்றார்கள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2021 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்தை வாங்கி வேலை செய்கிற நிறுவனம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் அந்தப் படிவத்தைப் போட்டு நம்பர் வாங்கியிருக்க வேண்டும். அதைப் போட வருமான வரிச் சட்டத்தில் 12ஏ பதிவும் (டிரஸ்டுக்கு வரி விலக்கு) 80ஜி பதிவும் (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை) வேண்டும். சார்வாளிடம் 12ஏ இருந்தது, 80ஜி இல்லை, யாரும் நன்கொடைக்கு ரசீது கேட்கவில்லை என்பதால் அவர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவ்வளவுதான், 18 லட்சமும் போச்சு, என் மூன்று வாரமும் போச்சு. நான் எழுதிய 24 பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் ரொம்ப எரிச்சல்.

அதிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். யார் கூப்பிட்டாலும், என்ன திட்டம் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஆபீஸ் பீரோவைத் திறந்து காட்டுங்கள் என்பேன். நேரில் போவேன். டிரஸ்ட் பத்திரம், பான் கார்டு, 12ஏபி உத்தரவு (பழைய 12ஏ வைத்திருந்தவர்கள் எல்லோரும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது, அதற்கு ஆயுள் குறிப்பிட்ட வருஷம்தான், வாங்கி மாட்டிவிட்டு மறந்தால் கதை முடிந்தது), 80ஜி உத்தரவு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்பன் நம்பர், சிஎஸ்ஆர்-1, மூன்று வருஷத்து ஆடிட் அறிக்கை, வருமான வரி ரிட்டர்ன், கூட்டத் தீர்மானப் புத்தகம். இதைப் பார்க்க ஒரு நாள் ஆகும். அதற்கு 3,000 ரூபாய் வாங்குகிறேன். முதலில் இதை இலவசமாகச் செய்தேன். இலவசமாகச் செய்தபோது யாரும் பீரோவைத் திறக்கவில்லை, "அதெல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். காசு கேட்க ஆரம்பித்ததும் எல்லாக் கோப்பையும் எடுத்து மேசையில் வைத்தார்கள், கொடுத்த காசுக்கு வேலை வாங்க வேண்டுமே.

பீரோவுக்குள் என்ன இருக்கும் என்பதற்குச் சில மாதிரி சொல்கிறேன். ஒரு டிரஸ்ட், பத்திரத்தில் நோக்கம் என்று கல்வியை மட்டும் எழுதியிருந்தார்கள், இப்போது குளம் தூர்வாரப் பணம் கேட்கப் போகிறார்கள். இன்னொன்றில் கணவர் தலைவர், மனைவி செயலாளர், மனைவியின் தம்பி பொருளாளர், ஆபீஸ் கட்டடம் தலைவரின் அம்மா பெயரில், டிரஸ்ட் அதற்கு வாடகை கொடுக்கிறது. தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை, நம் ஊரில் முக்கால்வாசி டிரஸ்ட் அப்படித்தான் பிறக்கிறது, ஆனால் பணம் தருகிறவன் அந்த வாடகை வரியைத்தான் முதலில் விரலால் தொடுவான். இன்னொரு இடத்தில் ஆடிட் அறிக்கையில் மொத்தச் செலவு 7 லட்சம், அதில் இரண்டே முக்கால் லட்சம் "இதரச் செலவு". கேட்டால் அது பிள்ளைகளுக்கு முட்டையும் சுண்டலும். நல்ல செலவு, எழுதிய விதம் சந்தேகத்தைக் கிளப்புகிறது. அதைப் பிரித்து எழுதச் சொல்லி ஆடிட்டரிடம் அனுப்பினேன், அடுத்த வருஷ அறிக்கையில் சரியானது, அதற்கு அடுத்த வருஷம்தான் நான் அவர்களுக்கு எழுதினேன்.

ஆமாம், பாதிப் பேரிடம் நான் சொல்வது "இந்த வருஷம் கேட்காதீங்க" என்பதுதான். முதலில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, வந்த வேலையை விரட்டுகிறோமே என்று. ஆனால் அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் பலர் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள், கூட இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு.

கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சார்வாள் கேட்டது போலவே இன்றைக்கும் பத்துப் பேரில் ஏழு பேர் வந்தால் தருகிறோம் என்கிறார்கள். நான் மாட்டேன் என்கிறேன். அமெரிக்காவில் நிதி திரட்டுவோர் சங்கமும் புரொபோசல் எழுதுகிறவர்கள் சங்கமும் தங்கள் நெறிமுறையிலேயே சதவீதக் கூலி கூடாது என்று வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் எனக்கு அது விளங்கியது இங்கே, ஒரு பட்ஜெட் ஷீட்டைப் பார்த்துத்தான். 18 லட்சத்தில் 1,80,000 எனக்கு என்றால் அதை எந்த வரியில் எழுதுவது? ஆசிரியர் சம்பளம், நோட்டுப் புத்தகம், வாடகை, ஆடிட் கட்டணம் என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் அங்கே பெயர் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை. அப்படியென்றால் பிள்ளைகள் நோட்டில்தான் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் பொய் பில் போட வேண்டும். தவிர, பணம் வந்தால்தான் எனக்குக் கூலி என்றால், வராது என்று தெரிந்தால் எழுத மாட்டேன், வரும் என்று தெரிந்தால் பயனாளி எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதிவிடுவேன். நானே என்னை நம்ப மாட்டேன்.

இப்போது என் கணக்கு இப்படி. இரண்டு பக்கத் திட்டச் சுருக்கம், அதாவது கான்செப்ட் நோட் என்றால் 8,000, முழுப் புரொபோசல் பட்ஜெட்டோடு 25,000 முதல் 40,000 வரை, பாதி முன்பணம், மீதி அனுப்புவதற்கு முந்தின நாள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி கூலிதான், கல்யாணம் நின்றுபோனாலும் பத்திரிகை அடித்தவனுக்குக் கொடுக்க வேண்டியதுதானே. இதை ஒரு பக்க ஒப்பந்தத்தில் தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். அதில் நிதி கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். சின்ன டிரஸ்டுகளுக்கு இந்தத் தொகை பாரம்தான், அதனால் வருஷத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் மிகக் குறைத்துச் செய்கிறேன், மூன்றாவது ஆளுக்கு முடியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். இலவசமாகச் செய்த வேலைக்குத்தான் நள்ளிரவில் திருத்தம் கேட்டு வாட்ஸ்அப் வரும், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

போன நிதியாண்டில் 22 எழுதினேன், 7 கிடைத்தது. இதை வெளியே சொன்னால் அவ்வளவுதானா என்பார்கள். அந்த 22-இல் 9, ஏற்கெனவே அந்த நிறுவனத்துக்குப் பணம் தந்தவர்களிடமே திரும்பக் கேட்டது, கிடைத்த 7-இல் 5 அந்த 9-க்குள்தான். முன்பின் தெரியாத இடத்துக்கு மெயிலில் அனுப்பி வாங்குவது என்பது கிட்டத்தட்ட லாட்டரி.

வாடிக்கையாளரைப் பிடிக்க ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்தேன், விசிட்டிங் கார்டு அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வழி ஆடிட்டர் ஆபீஸில்தான் இருந்தது. எந்த டிரஸ்டாக இருந்தாலும் செப்டம்பர், அக்டோபரில் அங்கே வந்துதான் ஆக வேண்டும். நான் பீரோ பார்த்து அனுப்பிய கோப்புகள் ஒழுங்காக அடுக்கி வந்ததைப் பார்த்துப் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அவராகவே ஆள் அனுப்ப ஆரம்பித்தார். அவருக்கு நான் ஒரு பைசா தருவதில்லை, அவரும் கேட்டதில்லை, அவருக்கு மிச்சமாகும் தலைவலியே அவருக்குக் கூலி.

இனி எழுத்துக்கு வருவோம். நான் தமிழ் மீடியம். புரொபோசல் இங்கிலீஷில் போக வேண்டும். ஆரம்பத்தில் இணையத்தில் கிடைத்த பெரிய பெரிய நிறுவனங்களின் அறிக்கையிலிருந்து கனமான வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கோத்தேன். ஒரு சிஎஸ்ஆர் அதிகாரி, தமிழர்தான், போனில் பொறுமையாகக் கேட்டார்: "மேடம், நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சேன், பிள்ளைங்க என்ன செய்வாங்கன்னே தெரியல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மையத்துல என்ன நடக்கும், அத மட்டும் சொல்லுங்க." சொன்னேன். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், சுண்டல் சாப்பிடுவார்கள், முதல் அரைமணி வாசிப்பு, அப்புறம் கணக்கு, ஏழு மணிக்கு அம்மாக்கள் பீடித் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கூட்டிப்போக வருவார்கள். "இதையே எழுதுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் முதலில் தமிழில் எழுதிவிடுகிறேன், அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன், அவருக்குப் புரிந்தால்தான் இங்கிலீஷ். இப்போது சாட்ஜிபிடியில் போட்டு எடுத்து வருகிறவர்கள் நிறைய. இலக்கணம் சுத்தமாக இருக்கும், ஆனால் முக்கூடலுக்குப் பதில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். எனக்கு அதனால் வேலை குறையவில்லை, திருத்தும் வேலை கூடியிருக்கிறது.

ஃபீல்டுக்குப் போகாமல் எழுதக் கூடாது என்று எனக்குப் புத்தி வந்தது பத்தமடையில். ஒரு நிறுவனம் பாய் நெய்யும் பெண்களுக்குப் புதுத் தறி வாங்கித் தரப் பணம் கேட்க வேண்டும் என்றார்கள். பத்தமடைப் பாய் என்றால் கேட்கிறவன் காதிலும் இனிக்கும், புவிசார் குறியீடு வேறு வாங்கியது, நாலு நாளில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சரி, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்திலேயே தறி சும்மா கிடந்தது. "தறி கெடக்கும்மா, வீட்டுக்கு ரெண்டு. கோரதான் இல்ல. வெல குடுத்து வாங்கி நெய்ஞ்சா கைல என்ன நிக்கும்?" என்றார். நாலு வீட்டிலும் அதே பேச்சு. திரும்பி வந்து செயலாளரிடம் தறி வேண்டாம், கோரையை மொத்தமாக வாங்கி இருப்பு வைக்க ஒரு சுழல் நிதி கேட்போம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. தறி என்றால் திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுக்கலாம், கோரைக் கட்டை வைத்து என்ன விழா எடுப்பது? இரண்டு மாதம் இழுத்து ஒத்துக்கொண்டார். அந்தப் புரொபோசலில் அந்த அம்மா சொன்ன வாக்கியம் அப்படியே முதல் பக்கத்தில் போனது, அவரிடம் கேட்டு, பெயரை மாற்றி.

அப்புறம் எண்கள். நம் ஜில்லாவுக்கென்று ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன், நீங்கள் விழாதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் நான் எழுதிய புரொபோசல் எல்லாவற்றிலும் மக்கள் தொகைக்கு ஆதாரம் 2011 கணக்கெடுப்பு, அதில் திருநெல்வேலி என்றால் தென்காசியும் சேர்ந்தது, 30 லட்சத்துக்கு மேல். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வாவது புதுசாயிற்றே என்று எடுத்தால், அதுவும் மாவட்டங்களை 2017 மார்ச்சில் இருந்தபடிதான் கணக்கில் வைத்திருக்கிறது. இது தெரியாமல் பீடிப் பெண்களின் ரத்தசோகை பற்றிய ஒரு புரொபோசலில் ஆய்வின் சதவீதத்தையும் இன்றைய மாவட்ட எல்லையையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினேன். கூடவே ஒன்றியங்கள் 19 என்றும் போட்டேன், அது பழைய கணக்கு, இப்போது நமக்கு 9, தென்காசிக்கு 10. வீடியோ காலில் ஒரு பெண் அதிகாரி "இது எந்தத் திருநெல்வேலி?" என்று கேட்டார். முகம் செத்துப்போச்சு. இப்போது பழைய மாவட்டம் என்று அடைப்புக்குள் போடாமல் ஒரு எண்ணும் எழுதுவதில்லை. அதோடு, மாவட்ட எண்ணைவிட நாமே நடந்து எடுத்த 120 வீட்டுக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தந்த டிரஸ்டின் ஸ்டாஃப் பிள்ளைகள் இரண்டு பேர் நாலு நாளில் எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு உள்ளூர்க் கஷ்டம். 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டும் அதில் உண்டு. நிறையக் கம்பெனிகள் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன. கோவில்பட்டி தாண்டி விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் கால் வைத்தால் பணம் இருக்கிறது, நம் ஜில்லாவில் ராதாபுரத்தின் காய்ந்த ஊர்களுக்கு இல்லை. அதற்கு நான் கண்ட வழி, எங்கே கம்பெனி இருக்கிறதோ அங்கே போவது. சட்டமே தொழிற்சாலை இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை கொடு என்கிறது. கங்கைகொண்டான் சிப்காட், தாழையூத்து சிமெண்ட் ஆலை, கூடங்குளம் அணுமின் நிலையம், காற்றாலைக்காரர்கள் என்று நம் ஜில்லாவுக்குள்ளேயே ஒரு வரைபடம் போட்டு, எந்த ஊருக்கு எது பக்கம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறேன். யாரெல்லாம் தர வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட கம்பெனி, முந்தின மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். 5 கோடி லாபம் என்பது நம்மூரிலேயே சில ஆட்கள் தொடும் எண்தான், அவர்கள் வாசலில் சென்னைக்காரர்கள் கூட்டம் இருக்காது.

மார்ச் மாதக் கூத்தையும் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க மெயிலுக்குப் பதில் போடாதவர்கள் பிப்ரவரி கடைசியில் போன் செய்து 31-ஆம் தேதிக்குள் செலவாக வேண்டும், நாளைக்குள் ஏதாவது அனுப்புங்கள் என்பார்கள். அதற்காக என் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சத்தில் ஒன்று, 8 லட்சத்தில் ஒன்று என்று இரண்டு சின்னத் திட்டம் ஜனவரியிலேயே தயார் செய்து வைக்கிறேன். போன மூன்று மார்ச்சிலும் ஒன்றாவது விலைபோனது.

பட்ஜெட்டில் நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, மாட்டுச் சந்தையில் விலை பேசுவது போலப் பேசுவது. 50 லட்சம் கேட்டால் 20 லட்சமாவது தருவான் என்று நினைக்கிறார்கள். தர மாட்டான். வருஷச் செலவே 6 லட்சம் உள்ள டிரஸ்ட் 50 லட்சம் கேட்டால் படிக்காமலே ஓரமாக வைத்துவிடுவான். புது ஆளிடம் முதல் முறை கேட்கும்போது நம் போன வருஷ மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போகாதீர்கள் என்பது நான் அடிபட்டுக் கண்ட அளவு. ஒருமுறை கூட்டத்துக்கு டீ, வடை என்று ஆளுக்கு 60 ரூபாய் போட்டிருந்தார்கள். மானூரில் எந்தக் கடையில் டீயும் வடையும் 60 ரூபாய் என்று கேள்வி வந்தது. கேட்டவர் பெங்களூரில் இருக்கிறார், பூர்வீகம் அழகியபாண்டியபுரம்! பக்கத்து ஊர்க்காரர் படிப்பார் என்று நினைத்தே விலை போடுங்கள்.

லாக்ஃப்ரேம் என்ற அட்டவணையைப் பார்த்து நிறையப் பேர் மிரளுகிறார்கள். 1969-இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்டுக்காக உருவாக்கியது, நாலு வரிசை, நாலு கட்டம். என்ன செய்வோம், அதனால் உடனே என்ன கிடைக்கும், போகப்போக என்ன மாறும், அது மாறியதை எதை வைத்துக் காட்டுவோம். விவசாயி நாற்று நட்டால் மனசுக்குள் இதே கணக்கைத்தான் போடுகிறான். ஓர் இரவு உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும், இதற்கு 5,000 ரூபாய் கட்டிப் பயிற்சிக்குப் போக வேண்டாம்.

எனக்குச் சீராக வருமானம் வருவது எழுதுவதிலிருந்து அல்ல, அறிக்கையிலிருந்து. பணம் கிடைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, வருஷக் கடைசியில் ஆடிட்டர் கையெழுத்தோடு யூசி என்ற செலவுச் சான்று, மே 31-க்குள் நன்கொடை விவரத்துக்கு 10பிடி படிவம், எஃப்சிஆர்ஏ உள்ளவர்களுக்கு டிசம்பர் 31-க்குள் வெளிநாட்டு நிதிக் கணக்கான எஃப்சி-4. இந்தத் தேதிகளை எல்லாம் நினைவுபடுத்தி, அறிக்கையை எழுதித் தர மாதம் 6,000 என்று 8 நிறுவனங்களோடு பேசி வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன் தவணை இதில்தான் கட்டுகிறேன். வரிப் பக்கம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை: வருஷ வரவு 20 லட்சம் தாண்டாததால் ஜிஎஸ்டி இல்லை, சில டிரஸ்டுகள் என் கூலியில் 10 சதவீதம் வரியாக டிடிஎஸ் பிடிக்கும், பிடித்ததை என் பெயரில் கட்டினார்களா என்று 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவர் பிடித்தார், கட்டவில்லை.

அறிக்கையில்தான் ஒரு கசப்பும் நடந்தது. ஓர் இடத்தில் நடக்காத ஆறு பயிற்சிக்கு அறிக்கை எழுதச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் முடியாது என்றேன். "எல்லாரும் செய்யதுதானே மேடம்" என்றார் அந்தத் தலைவர். 31,000 ரூபாய் பாக்கி இருந்தது, அதை விட்டுவிட்டு வந்தேன். கேட்டுப் போகவும் இல்லை, போனால் அந்த அறிக்கைக்குக் கூலி வாங்கியதாகிவிடும். விட்டது சரிதான், ஆனாலும் அந்த 31,000 இன்றும் இடிக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஏறி வந்தது. தண்ணீர் வடிவதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது, நிவாரணத்துக்குப் பணம் இருக்கிறது, 48 மணி நேரத்தில் விண்ணப்பம் வேண்டும் என்று. வருஷக்கணக்கில் கிடைக்காத பணம் அந்த வாரம் வாசலில் நின்றது. என்னிடம் இருந்தவர்களில் நாலு பேர் அன்றைக்கே அனுப்பினார்கள். சிந்துபூந்துறைப் பக்கம் ஆபீஸ் வைத்திருந்த ஒருவரால் முடியவில்லை. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர். டிரஸ்ட் பத்திரம், 80ஜி உத்தரவு, பழைய ஆடிட் எல்லாம் கூழ். வெயில் வந்த அன்று மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகக் காயப்போட்டு மேலே கல் வைத்துக்கொண்டிருந்தோம், நிவாரணம் தர வேண்டியவர் நிவாரணத்துக்கு நிற்கிற நிலை. ஸ்கேன் செய்யுங்கள் என்று நான் ஆறு மாதமாகச் சொல்லியிருந்தேன், நானே போய் உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கலாம், ஒரு மத்தியானம் போதும். இப்போது பீரோ பார்க்கும் 3,000 ரூபாயில் ஸ்கேனும் சேர்த்தி, போனிலேயே எடுத்து அவர்கள் மெயிலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, அசலை மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

சார்வாள் மறுபடி வந்தார், 2023-இல். 80ஜி வாங்கி, சிஎஸ்ஆர்-1 வாங்கி, எல்லாவற்றையும் ஒரு ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு, முக்கூடலிலிருந்து பஸ் பிடித்து. முன்பணத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, "பத்துல ஒண்ணு வேண்டாம்னியாமே, ஆடிட்டர் சொன்னாரு" என்று சிரித்தார். 6 லட்சத்துக்கு எழுதினோம், கிடைத்தது. இரண்டாம் வருஷமும் நீட்டித்தார்கள்.

நேற்று களக்காட்டிலிருந்து ஒரு அண்ணாச்சி பேசினார். வாழை விவசாயிகளுக்கு ஏதோ நல்ல திட்டம் வைத்திருக்கிறார், கேட்கவே ஆசையாக இருந்தது, முக்கால் மணி நேரம் பேசினோம். புதன்கிழமை வருகிறேன், பீரோவைத் திறந்து வையுங்கள் அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாவி மச்சினன்கிட்ட இருக்கு தாயி" என்றார்.

"மச்சினர் எங்க இருக்காரு?"

"துபாய்ல."